ஒரு டிபி மாத்திரைக்குள் எத்தனை வளையம்?

கேள்வி (வாசகர் ஒருவர்), 14 செப்டம்பர் 2024

எம்.எஸ்சி. வேதியியல், மூன்றாம் செமஸ்டர். ஹெட்டிரோசைக்ளிக் (கார்பனோடு நைட்ரஜன் போன்ற வேறு அணுவும் சேர்ந்த வளையங்கள்) பேப்பர் முழுக்க ஸ்க்ராப், ஹான்ஷ், சிச்சிபாபின் என்று வினைகளின் பெயர் மனப்பாடம்தான். ஒவ்வொரு யூனிட் முடிவிலும் "மருத்துவப் பயன்கள்" என்று நாலு வரி இருக்கும். காசநோய் எதிர்ப்பு, புற்றுநோய் எதிர்ப்பு, பூஞ்சை எதிர்ப்பு. எந்த வளையத்தை எடுத்தாலும் அதே நாலு வரி. இது பரீட்சை ஹாலோடு முடிந்துவிடுகிற பாடம் என்கிறேன். இல்லை என்பவர்கள் காட்டுங்கள்.

14 செப்டம்பர், இரவு

பாதி ஒத்துக்கொள்கிறேன். அந்த நாலு வரிக்கு அர்த்தம் கிடையாது. நம் கல்லூரிகளிலிருந்து வரும் கட்டுரைகளில் பாதியும் அப்படித்தான். பத்து சேர்மம் செய்வார்கள், ஒரு பெட்ரி தட்டில் சொட்டு வைப்பார்கள், சுற்றிலும் இத்தனை மில்லிமீட்டருக்குக் கிருமி வளரவில்லை என்பார்கள், "மிதமான செயல்திறன்" என்று முடிப்பார்கள். அதற்கு மேல் யாரும் போவதில்லை.

மறுபாதியை ஒத்துக்கொள்ள மாட்டேன். பாடத்தை வளையத்தின் பெயரில் அடுக்கியதுதான் கோளாறு. ஒரு நோயை எடுத்து அதன் மாத்திரை அட்டையைப் படித்துப் பாருங்கள், பாடமே வேறாகத் தெரியும். நான் டிபியை எடுக்கிறேன். அரசு தரும் பெரியவர்களுக்கான கூட்டு மாத்திரை ஒன்றில் ஐசோனியாசிட் 75 மி.கி., ரிஃபாம்பிசின் 150, பைரசினமைடு 400, எத்தாம்பியூட்டால் 275. எடையைப் பொறுத்து தினம் இரண்டு முதல் ஆறு மாத்திரை.

ஐசோனியாசிட் என்பது பிரிடின் (ஒரு நைட்ரஜன் உள்ள ஆறு உறுப்பு வளையம்). பைரசினமைடு என்பது பைரசின் (அதில் இரண்டு நைட்ரஜன்). ரிஃபாம்பிசின் பெரிய கோட்டை போன்ற மூலக்கூறு, அதன் வாலில் பைப்பரசின் என்ற இன்னொரு நைட்ரஜன் வளையம். இந்த மூன்றையும் பிடித்தால் உங்கள் சிலபஸில் பாதி வந்துவிடும்.

14 செப்டம்பர், சற்று நேரம் கழித்து

கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: எத்தாம்பியூட்டாலில் வளையமே கிடையாது. திறந்த சங்கிலி, இரண்டு அமீன், இரண்டு ஆல்கஹால். என் வாதத்துக்கு வைத்த திருஷ்டிப் பொட்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

15 செப்டம்பர்

ஐசோனியாசிட்டின் கதை.

1912இல் பிராகில் ஹான்ஸ் மேயர், யோசஃப் மல்லி என்ற இருவர் இதைச் செய்தார்கள். ஐசோநிகோட்டினிக் அமிலத்தின் எத்தில் எஸ்டர், ஹைட்ரசின், சூடு. அவ்வளவுதான். மருந்து செய்யும் எண்ணமே இல்லை. ஆய்வுப் பட்டத்துக்காகச் செய்து, உருகுநிலை குறித்து, பத்திரிகையில் அச்சிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நீங்கள் திட்டுகிற அதே மாதிரியான வேலை. சேர்மம் நாற்பது வருடம் நூலகத்தில் தூங்கியது.

1940களின் கடைசியில் ஜெர்மனியில் மருந்தாய்வாளர் டோமாக்கின் குழுவினர் தயோசெமிகார்பசோன்கள் என்ற சேர்மங்களை டிபிக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓரளவு வேலை செய்தது, பக்கவிளைவும் இருந்தது. இன்னொரு பக்கம் நிகோட்டினமைடு (பிரிடின் வளையம் உள்ள வைட்டமின்) டிபி கிருமியை லேசாகத் தடுக்கிறது என்று 1945இல் ஒரு பிரெஞ்சுக் கட்டுரை. இரண்டையும் கோத்தால் என்ன என்று பென்சீன் இருந்த இடத்தில் பிரிடினை வைக்கக் கிளம்பியவர்களுக்குப் போகும் வழியில் ஓர் இடைநிலைப் பொருள் கையில் வந்தது. பேருக்கு அதையும் சோதித்தார்கள். போக நினைத்த ஊரைவிட வழியில் நின்ற ஸ்டேஷன் பெரிய ஊராக இருந்தது.

ரோஷ், ஸ்குவிப், பேயர் என்று மூன்று நிறுவனங்கள், ஒன்றுக்கொன்று தெரியாமல், ஏறக்குறைய ஒரே நேரத்தில், 1951-52இல் இதே சேர்மத்துக்கு வந்து சேர்ந்தன. மூன்றுமே காப்புரிமைக்கு ஓடிப் பார்த்தால் 1912 கட்டுரை குறுக்கே நிற்கிறது. சேர்மத்துக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியவில்லை. அது முதல் நாளிலிருந்தே மலிவாக இருந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. யாருக்கும் உதவாது என்று நினைத்த ஓர் ஆய்வேடு.

15 செப்டம்பர், மாலை

"இதெல்லாம் வரலாறு, சிந்தசிஸ் எங்கே?" என்று கேட்டிருக்கிறீர்கள். சரி.

இப்போது யாரும் எஸ்டரிலிருந்து தொடங்குவதில்லை. அசெட்டால்டிஹைடும் அம்மோனியாவும் சூடான வினையூக்கி மேல் போனால் 2-பிக்கோலினும் 4-பிக்கோலினும் கலந்து வரும் (பிக்கோலின் என்றால் மெத்தில் குழு ஒட்டிய பிரிடின், எண் அது ஒட்டிய இடம்). கூடவே ஃபார்மால்டிஹைடும் சேர்த்து விட்டால் பிரிடினும் 3-பிக்கோலினும். உங்கள் சிச்சிபாபின்தான், தினமும் டன் கணக்கில் ஓடுகிறது. நம் நாட்டில் இந்த அசெட்டால்டிஹைடு பெரும்பாலும் எத்தனாலிலிருந்து வந்தது, எத்தனால் சர்க்கரை ஆலை மொலாசஸிலிருந்து. ஆக கரும்புக்கும் டிபி மாத்திரைக்கும் நடுவில் சில உலைகள்தான்.

4-பிக்கோலினை அம்மோனியா, காற்றோடு வனேடியம் வினையூக்கி மேல் விட்டால் மெத்தில் குழு நைட்ரைலாகும். தண்ணீர் சேர்த்தால் அமைடு. அதோடு ஹைட்ரசின் ஹைட்ரேட் போட்டுக் காய்ச்சினால் அம்மோனியா வெளியேறும், ஐசோனியாசிட் படிகமாக விழும். பார்க்கச் சாதாரண வெள்ளைப் பொடி.

புத்தகத்தில் இல்லாத ஒன்று. 3-பிக்கோலின் 144 டிகிரியில் கொதிக்கும், 4-பிக்கோலின் 145இல். இரண்டும் கலந்துவிட்டால் காலம் (காய்ச்சி வடிக்கும் கோபுரம்) எவ்வளவு உயரம் கட்டினாலும் தலைவலிதான். 2-பிக்கோலின் 129, அது சுலபமாகக் கழன்றுவிடும். அதனால்தான் 4 வேண்டியவர் ஃபார்மால்டிஹைடு பக்கமே போவதில்லை. மூலப்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதே பிரிப்பதையும் முடிவு செய்துவிடுகிறார்கள். ரெட்ரோசிந்தசிஸ் (வேண்டிய பொருளிலிருந்து மூலப்பொருளுக்குப் பின்னோக்கித் திட்டமிடுவது) என்று கரும்பலகையில் அம்பு போடுகிறவர்கள் கொதிநிலை அட்டவணையையும் பக்கத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும்.

16 செப்டம்பர்

பிரிடின் வாடை பற்றி ஒருவர் கேட்டிருந்தார். பல்க் டிரக் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில், ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட் தானாகக் காலியாகும். அழுகிய மீனா, மூத்திரமா என்று முடிவுக்கு வர முடியாத நாற்றம். சோப்புக்கு அசையாது, எலுமிச்சைக்குக் கொஞ்சம் அசையும். காரத்தை அமிலம் உப்பாக்குகிறது என்ற ஏழாம் வகுப்புப் பாடம்தான். வீட்டில் என் சட்டைகளுக்குத் தனி வாளி.

18 செப்டம்பர்

மருந்தாளுநர் ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்: பிரிடின் வளையம் அங்கே என்னதான் செய்கிறது? பென்சீன் வைத்தால் ஆகாதா?

ஆகாது. காரணம் வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஐசோனியாசிட் உள்ளே போகும்போது மருந்தே அல்ல. கிருமியிடம் கேட்ஜி என்ற நொதி இருக்கிறது, பெராக்சைடுகளை உடைப்பது அதன் வேலை. அதுவே ஐசோனியாசிட்டையும் உடைத்து, ஹைட்ரசின் பகுதி கழன்ற ஒரு தனி உறுப்பை (ராடிக்கல்) உண்டாக்குகிறது. அந்த உறுப்பு போய் ஒட்டிக்கொள்ளும் இடம் என்ஏடி என்ற துணைநொதியின் நிகோட்டினமைடு பகுதி. அதுவும் பிரிடின் வளையம்தான். பிரிடின் மேல் பிரிடின் ஏறிய அந்தக் கூட்டுப் பொருள் இன்ஹெச்ஏ என்ற நொதியின் வாயை அடைத்துவிடுகிறது. கிருமியின் மெழுகுச் சுவருக்கு வேண்டிய மைக்கோலிக் அமிலம் வராது. சுவர் இல்லாமல் கிருமி சாகும்.

கேட்ஜி மரபணு தொலைந்தால் மருந்து வேலை செய்யாது என்பது 1992இல் வெளிவந்தது. அந்தக் கூட்டுப் பொருளின் படம் 1998இல். அதாவது உலகம் முழுக்க நாற்பது வருடம் கொடுத்த பிறகு. எதிர்ப்புள்ள கிருமிகளில் கேட்ஜியின் 315ஆம் இடத்தில் செரீன் மாறியிருப்பதுதான் அடிக்கடி காணப்படுவது. ஐசோனியாசிட் எதிர்ப்பைப் பார்க்கும் இன்றைய மரபணுப் பரிசோதனைகள் தேடும் முக்கிய இடங்களில் அதுவும் ஒன்று.

18 செப்டம்பர், இரவு

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். வளையம் முகவரி மட்டும்தான். வேலை செய்யும் கை, வாலில் இருக்கும் ஹைட்ரசைடு (ஹைட்ரசினிலிருந்து வந்த பகுதி). அந்தக் கை சும்மா இருக்காது, கண்ட இடத்தில் கை வைக்கும். அடுத்த குறிப்பு அதைப் பற்றி.

20 செப்டம்பர்

என் சித்தப்பா டிபி மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தபோது பாதம் எரிகிறது என்பார். ராத்திரி கால் மேல் போர்வை பட்டால்கூட ஆகாது. சர்க்கரை என்று நினைத்துச் சோற்றைக் குறைத்துக்கொண்டார். சர்க்கரை இல்லை. ஐசோனியாசிட்.

ஹைட்ரசைடு எந்த ஆல்டிஹைடைக் கண்டாலும் ஹைட்ரசோனாக ஒட்டிக்கொள்ளும். பிராக்டிகலில் டிஎன்பி டெஸ்ட் செய்து ஆரஞ்சு வீழ்படிவு பார்த்தீர்களே, அதே வினை. நம் உடம்பில் பி6 வைட்டமினின் ஒரு வடிவம் பிரிடாக்சல், அது ஒரு ஆல்டிஹைடு. மருந்து அதைப் பிடித்துக்கொண்டு சிறுநீரில் போய்விடுகிறது. நரம்புக்கு வேண்டிய பி6 குறைகிறது, பாதம் எரிகிறது. தினமும் சிறு அளவு பிரிடாக்சின் மாத்திரை கூடவே கொடுப்பது அதற்காகத்தான். மருத்துவர் அதைச் சேர்த்தார், எரிச்சல் மெதுவாகக் குறைந்தது.

பி6உம் ஒரு பிரிடின்! நோயாளி தினமும் இரண்டு பிரிடின் விழுங்குகிறார், ஒன்று செய்கிற தொல்லையை மற்றது சரிக்கட்டுகிறது. அந்த பி6ஐத் தொழிற்சாலையில் எப்படிச் செய்கிறார்கள்? பிரிடினிலிருந்து இல்லை. ஆக்சசோல் என்ற ஐந்து உறுப்பு வளையத்தை எடுத்து, டீல்ஸ்-ஆல்டர் போட்டு, நடுவில் வரும் ஆக்சிஜன் பாலத்தை உடைத்தால் பிரிடின் பிறக்கிறது. ரஷ்யாவின் கோந்த்ராத்தியேவா 1957இல் காட்டிய வினை. ஐந்து ஆறாகிற வித்தை உங்கள் சிலபஸில் இல்லையென்றால் அதற்காகச் சண்டை போடுங்கள், சேர்ந்து வருகிறேன்.

21 செப்டம்பர்

"அப்படியென்றால் எல்லாருக்கும் பாதம் எரிய வேண்டுமே?" இல்லை. கல்லீரலில் ஒரு நொதி இந்த ஹைட்ரசைடு கையில் அசெட்டைல் குழுவை மாட்டி முடக்குகிறது. சிலருக்கு அது வேகம், சிலருக்கு மந்தம், பிறப்பிலேயே. மந்தமானவர்களுக்கு மருந்து ரத்தத்தில் அதிக நேரம் நிற்கும், நரம்புத் தொல்லையும் அதிகம் வரும். தென்னிந்தியர்களில் பாதிக்கும் மேல் மந்தக் கூட்டம். இதைப் பற்றிய நல்ல வேலை சென்னையில் நடந்தது.

21 செப்டம்பர், தொடர்ச்சி

சென்னை என்று வந்ததால் கொஞ்சம் விலகிப் போகிறேன். 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிமருத்துவ மையம் தொடங்கியது. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்), மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு எல்லாம் சேர்ந்து. நடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ். அன்றைய நம்பிக்கை: டிபி என்றால் சானடோரியம், நல்ல காற்று, முட்டை, பால், ஒரு வருடம் படுக்கை. இவர்கள் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறுபாதியை வீட்டிலும் வைத்து, இரு தரப்புக்கும் ஐசோனியாசிட்டும் பாஸ் என்ற மருந்தும் ஒரு வருடம் கொடுத்தார்கள். வீடு என்றால் ஓட்டு வீடு, குடிசை, ஒரே அறையில் குடும்பம். முட்டை பால் கிடையாது, சிலர் வேலைக்கும் போனார்கள்.

1959இல் முடிவு வந்தது. குணமானதில் பெரிய வித்தியாசமில்லை. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவுமில்லை. அதன்பிறகு உலகமே படிப்படியாகச் சானடோரியங்களை மூடத் தொடங்கியது. அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

வேதியியல்காரனாக என் கண்ணுக்குப் படுவது வேறு. அதே மையம் ஐசோனியாசிட்டைத் தனியாகக் கொடுத்துப் பார்த்த அடுத்த ஆய்வில், ஒரு நாள் அளவை இரண்டாகப் பிரித்துக் கொடுப்பதைவிட ஒரே வேளையில் கொடுத்தால் பலன் கூடுதல் என்று தெரிந்தது. ரத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைவிட எவ்வளவு உயரம் தொடுகிறது என்பது முக்கியம். கேட்ஜி பற்றி யாருக்கும் தெரியாத காலம் அது.

24 செப்டம்பர்

பைரசினமைடை மறந்துவிட்டேன் என்று ஒருவர் கோபித்துக்கொண்டிருக்கிறார். மறக்கவில்லை ஐயா, அதற்குத் தனியாக வைத்திருந்தேன்.

ஆய்வக வழி: ஆர்த்தோ-ஃபீனைலின்டைஅமீன், கிளையாக்சால் சேர்த்தால் குயினாக்சலின். பெர்மாங்கனேட் போட்டால் பென்சீன் பக்கம் எரிந்து இரண்டு கார்பாக்சில் மிச்சமாகும். சூடாக்கினால் ஒன்று கழன்றுவிடும். மிச்சத்தை எஸ்டராக்கி அம்மோனியா கொடுத்தால் பைரசினமைடு. ஒரு வளையத்தைக் கட்டுவதற்காக இன்னொரு வளையத்தைக் கட்டி எரிப்பது. பெர்மாங்கனேட் செலவையும் வடிகட்டியில் சேரும் பழுப்புச் சேற்றையும் பார்த்தவர்களுக்கு வயிறு எரியும்.

விஷயம் அதுவல்ல. சாதாரண ஊடகத்தில் கிருமியை வளர்த்துச் சோதித்தால் பைரசினமைடு ஒன்றுமே செய்யாது. எலியில்தான் அதன் பலன் தெரிந்தது, 1952இல். ஊடகம் புளிப்பாக, பிஹெச் 5.5 அளவில் இருந்தால் மட்டுமே குழாயிலும் வேலை செய்யும். கிருமியின் நொதி அதைப் பைரசினோயிக் அமிலமாக்குகிறது, புளிப்பில் அந்த அமிலம் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. வீக்கம் கண்ட திசுவில் பதுங்கிக் கிடக்கிற கிருமிகளை அடிப்பது அதனால். ஒன்பது மாதச் சிகிச்சை ஆறு மாதமானதற்கு இதுதான் காரணம். நம் பெட்ரி தட்டுக் கட்டுரைகளில் இது "செயல்திறன் இல்லை" என்ற பட்டியலில் போயிருக்கும்.

கூடவே யூரிக் அமிலம் ஏறும், மூட்டு வலிக்கும். சித்தப்பாவுக்கு அதுவும் வந்தது.

27 செப்டம்பர்

ஹைட்ரசைடு கையைப் பற்றி விட்டுப்போனது. கூட்டு மாத்திரையில் ரிஃபாம்பிசினும் ஐசோனியாசிட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன அல்லவா. வயிற்று அமிலத்தில் ரிஃபாம்பிசினின் பைப்பரசின் வால் கழன்று ஓர் ஆல்டிஹைடு வெளிப்படும். பக்கத்திலேயே ஐசோனியாசிட். மறுபடி ஹைட்ரசோன். பி6க்கு நடந்ததே இங்கேயும். ரிஃபாம்பிசின் உடம்பில் சேருவது குறைகிறது. மருந்துக்கொரு மாத்திரையாக இருந்தவற்றை ஒன்றாக்கியது நிர்வாகத்துக்கு வசதி, நோயாளிக்கும் வசதி. வேதியியலுக்கு அந்த வசதி பிடிக்கவில்லை. தயாரிப்பவர்கள் இரண்டையும் தனித்தனிக் குருணைகளாக, தனிப் பூச்சோடு வைப்பது இதற்காகவும்தான்.

2 அக்டோபர்

ஹான்ஷ் பற்றிக் கேட்டவருக்கு: நிஃபெடிபின். ஆர்த்தோ-நைட்ரோபென்சால்டிஹைடு, மெத்தில் அசெட்டோஅசெட்டேட் இரண்டு பங்கு, அம்மோனியா, ஒரே பானை. 1880களின் வினை, 1970களில் நெஞ்சுவலி மருந்து, பிறகு ரத்த அழுத்தத்துக்கும். உங்கள் தெருவில் அம்லோடிபின் போடாத பெரியவர் ஒருவராவது இருந்தால் சொல்லுங்கள், அதுவும் அந்தக் குடும்பமே. இங்கே நிறுத்துகிறேன், இல்லாவிட்டால் டிபியை விட்டுவிடுவேன்.

5 அக்டோபர்

பெடாகுயிலினை (மருந்து எதிர்ப்பு டிபிக்கான மாத்திரை, அதில் இருப்பது குயினோலின் வளையம்) ஸ்க்ராப் முறையில் செய்கிறார்கள் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. குயினோலின் என்றதும் ஸ்க்ராப் என்று கை தானாக எழுதும், நம் பயிற்சி அப்படி. அனிலின், கிளிசரால், கந்தக அமிலம், நைட்ரோபென்சீன். ஃபெரஸ் சல்ஃபேட் போடாமல் சூடாக்கினால் கூரையைப் பார்க்க வேண்டிவரும் ஆசாமி அது. இங்கே வந்தது மெத்-கோன் முறை. 4-புரோமோஅனிலினை ஃபீனைல்புரோப்பியோனைல் குளோரைடோடு அமைடாக்கி, டிஎம்எஃப்உம் பாஸ்பரஸ் ஆக்சிகுளோரைடும் சேர்த்தால் குளோரோகுயினோலின் நேரடியாக வருகிறது. மெத்தாக்சைடு போட்டுக் குளோரினை மாற்றுகிறார்கள்.

கடைசிப் படிதான் கஷ்டம். எல்டிஏ என்ற கடுங்காரத்தில், ஆழ்ந்த குளிரில், ஒரு நாஃப்தைல் கீட்டோனோடு இணைக்க வேண்டும். இரண்டு கைரல் மையம் (இட-வல வடிவம் மாறக்கூடிய கார்பன்) உண்டாகிறது, நான்கு மாற்றியங்கள் வருகின்றன, வேண்டியது ஒன்றே ஒன்று. மூன்று பங்கு வேண்டாதது. ஐசோனியாசிட்டோடு ஒப்பிட்டால் இது வேறு உலகம்.

மருந்து தாக்குவது கிருமியின் ஏடிபி சிந்தேஸை, அதாவது சக்தி உண்டாக்கும் இயந்திரத்தை. 2005இல் அறிவிப்பு, 2012 டிசம்பரில் அமெரிக்க அனுமதி. அது பரவலாகும்வரை மருந்து எதிர்ப்பு டிபிக்குக் கானமைசின் போன்ற ஊசிகளையும் போட வேண்டியிருந்தது. பலருக்குக் காது போனது. நந்திதா வெங்கடேசன் என்ற டிபியிலிருந்து மீண்ட பெண் அப்படிச் செவித்திறனை இழந்தவர். அவரும் தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலேவும் சேர்ந்து, பெடாகுயிலினின் ஃபியூமரேட் உப்புக்குக் கேட்ட காப்புரிமையை இந்திய அலுவலகத்தில் எதிர்த்தார்கள். 2023 மார்ச்சில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மூலக் காப்புரிமை அதே ஆண்டு ஜூலையில் முடிந்தது. உப்பு மாற்றினால் புதுச் சேர்மமா என்பது சிலபஸ் கேள்விதான், அங்கே மதிப்பெண்ணுக்குப் பதில் நான்கு வருடக் காத்திருப்பு.

6 அக்டோபர்

"1912 கட்டுரை இருந்ததால் ஐசோனியாசிட் மலிவு, காப்புரிமை முடிந்ததால் பெடாகுயிலின் மலிவாகும், அவ்வளவுதானே?" என்கிறார் கேள்வி கேட்டவர். அவ்வளவு மட்டும் இல்லை. காப்புரிமை போனாலும் அந்த எல்டிஏ படி போகாது. பைனால் (BINOL) வகை பாஸ்பாரிக் அமிலத்தால் மாற்றியத்தைப் பிரித்தெடுக்கும் முறை வந்த பின்பும் வீணாவது வீணாகிறதே. அதில் ஒரு படியைக் குறைப்பவருக்கு நான் மாலை போடுவேன். நீங்கள் படிக்கிற பேப்பரே அதற்குத்தான்.

9 அக்டோபர்

இப்போது நடப்பு: பெடாகுயிலின், பிரிடோமானிட், லினசோலிட் மூன்றும் வாய்வழியே, ஆறு மாதம். குயினோலின், நைட்ரோஇமிடசோல், ஆக்சசோலிடினோன். நிக்ஸ்-டிபி என்ற ஆய்வில் 109 பேருக்குக் கொடுத்துப் பத்தில் ஒன்பது பேர் தேறினார்கள். கூடவே மாக்சிஃப்ளாக்சசினும் சேர்ந்த முறைக்கு 2024 செப்டம்பரில் நம் சுகாதார அமைச்சகம் அனுமதி தந்தது. லினசோலிட் மட்டும் மறுபடி நரம்பைக் கடிக்கும், ரத்த அணுக்களையும் குறைக்கும். இது ஹைட்ரசோன் கதை அல்ல, மைட்டோகாண்ட்ரியாவின் புரதத் தயாரிப்பைத் தடுப்பதால். அதனால் பி6 போட்டால் சரியாகும் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

9 அக்டோபர், இரவு

மேலே பி6 என்று படித்துவிட்டுக் கடையில் 100 மி.கி. வாங்கப் போகிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வேண்டாம். பி6 அளவு மீறி நீண்ட நாள் போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும். மருந்து தருகிற மையத்தில் கேளுங்கள், அங்கேயே கொடுப்பார்கள்.

13 அக்டோபர்

ஹைட்ரசைடை 3ஆம் இடத்தில் வைத்தால், அதாவது நிகோட்டினிக் ஹைட்ரசைடாக இருந்தால் என்ன ஆகும் என்று அந்த மாணவரே கேட்டிருக்கிறார். பலன் மிகவும் குறைந்துவிடும், 2ஆம் இடத்திலும் அப்படியே. அந்த நாட்களிலேயே செய்து பார்த்துவிட்டார்கள். 3-பிக்கோலின் அதற்காக வீணாகவில்லை. அது நிகோட்டினமைடாகி வைட்டமின் மாத்திரைக்கும் கோழித் தீவனத்துக்கும் போகிறது. ஒரே ஆலை, இரண்டு டிரம். லேபிளை மட்டும் மாற்றி ஒட்டிவிடாதீர்கள்.

வைவாவில் எதை எடுத்துப் பேசலாம் என்ற கேள்விக்கு: கோந்த்ராத்தியேவா வினையை எடுங்கள். எக்ஸ்டர்னலும் அதைப் படித்திருக்க வாய்ப்பு குறைவு.